எதையும் விரும்பாத அண்ணன்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் கஸ்பரை ஊரில் பலருக்குத் தெரியும். அவர் ஒரு நாவல் எழுதியவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். ‘பதினோராம் நம்பர் மலை’ என்ற அந்த நாவல் வெளிவந்து பல வருடங்கள் ஓடிவிட்டன. வெளியீட்டு விழாவில் நாலு பேர் புகழ்ந்தார்கள். கொழும்புப் பத்திரிகை ஒன்றில் சின்னதாக மதிப்புரை வந்தது. அத்தோடு சரி. விற்காத பிரதிகள் கடையின் மேல்தட்டில், தாள் கட்டுகளுக்குப் பின்னால் அடைந்து கிடந்தன.

அதனால்தான் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் பெண் ஒருத்தி கடைக்கு வந்து அந்த நாவலின் பெயரைச் சொன்னபோது, அவர் பிரதியெடுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

“என் நாவலயா? நீங்க படிச்சீங்களாம்மா?”

“மூணு தடவ சேர்.” பெண்ணின் பெயர் ஷாமிலா. வீடு பொகவந்தலாவை. “அதப் பத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். சனிக்கிழமை நம்ம வாசகர் வட்டத்துல வாசிக்கிறேன். நீங்க கட்டாயம் வரணும்.”

“என்னா தலைப்பு?”

“பிராய்டோட ஆளுமைக் கோட்பாட்ட வச்சி உங்க பாத்திரங்களப் பாத்திருக்கேன் சேர்.”

வீட்டுக்குப் போனதும் மனைவி ஜொய்சியிடம் இதைத்தான் முதலில் சொன்னார்.

“பிராய்டா? எந்தக் கோயில் பாதரு?” என்றாள் ஜொய்சி.

“பாதர் இல்ல. மனசுக்கு வைத்தியம் பாத்த டொக்டர்.”

“ஒங்க நாவலுக்கு இப்பத்தான் வைத்தியமா?” என்று கேட்டுக்கொண்டே, அவருடைய நல்ல சட்டையை இஸ்திரி போட எடுத்தாள்.

சனிக்கிழமை நூலக மாடியில் இருபது பேர் போலக் கூடியிருந்தார்கள். அரைவாசிப் பேர் ஆசிரியர்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டதால் குடைகள் எல்லாம் வாசலோரம் விரிந்து கிடந்தன. ஷாமிலா கையில் இருந்த தாள்களைப் பார்க்காமலே பேசினாள்.

“மனுஷ மனசுக்குள்ள மூணு பேர் இருக்காங்கன்னு வச்சிக்குவோம். ஒருத்தன் ‘எனக்கு வேணும், இப்பவே வேணும்’னு கேக்கிறவன். அது இட். இன்னொருத்தன் ‘கூடாது, வெக்கமா இல்லையா’ன்னு அதட்டுறவன். அது சூப்பர் ஈகோ. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு, எது நடக்கும் எது நடக்காதுன்னு பாத்துச் சமாளிக்கிறவன் ஈகோ. இந்த நாவல்ல இந்த மூணு பேரும் தோட்டத்து லயத்துல ஒரே காம்பராவுல, ஒரே அறைக்குள்ள இருக்காங்க.”

பிறகு ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னாள். படிப்பை விட்டுவிட்டுப் படம் பார்க்கவும் கூட்டாளிகளோடு சுற்றவும் துடிக்கும் இளைய மகன் ராயப்பன்தான் இட். இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்துச் சோறு போடும் அம்மா மரியாயி ஈகோ. தகப்பன் செத்தபின் குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கும் அண்ணன் சூசை சூப்பர் ஈகோ.

கஸ்பருக்குச் சந்தோஷமாக இருந்தது. தான் நினைக்காததை எல்லாம் இந்தப் பெண் கண்டுபிடித்துச் சொல்கிறாளே என்று பெருமையாகவும் இருந்தது. ஷாமிலா அடுத்ததாகச் சொன்னதைக் கேட்டபோதுதான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சூசையக் கவனிச்சுப் பாருங்க. ராயப்பன் தியேட்டருக்குக் கிளம்புறப்ப சூசை வாசல்ல நிக்கிறாரு. ராயப்பன் மொத மொதலா குடிக்கப் போறப்ப பாதையில நிக்கிறாரு. ஒரு பொண்ணோட பேசுறப்ப தூரத்துல வர்றாரு. ‘படிச்சியா?’ங்கிறதத் தவிர அனேகமா வேற எதுவும் பேசுறதில்ல. நாவல் முழுக்கத் தேடினேன். சூசைக்கு என்னா சாப்பாடு புடிக்கும்? தெரியாது. யாரப் புடிக்கும்? தெரியாது. அவரு எதையுமே விரும்புறதில்ல. எதையும் விரும்பாத மனுஷன் உலகத்துல இல்லீங்க. அதனால எனக்கு என்னா தோணுதுன்னா, சூசை ஒரு ஆளே இல்ல. ராயப்பனோட மனசுக்குள்ள கேக்கிற குரல். அதுக்கு அவன் தன்னோட அண்ணன் மூஞ்சிய மாட்டி விட்டிருக்கான். உண்மையான அண்ணன் எப்படிப்பட்டவருன்னு இந்த நாவல வச்சி நம்மால சொல்ல முடியாது.”

கைதட்டல் முடிந்ததும் சுதாகரன் மாஸ்டர் எழுந்தார். அவர் கஸ்பரோடு ஒன்றாகப் படித்தவர்.

“கஸ்பர், ஒளிக்காமச் சொல்லு. சூசைங்கிறது ஒங்க அண்ணன் செபமாலைதானே?”

“எல்லாம் கற்பனைதான்” என்றார் கஸ்பர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார்.

ஆனால் அது செபமாலைதான். கஸ்பருக்கு எட்டு வயதாக இருக்கும்போது அப்பா காய்ச்சலில் போனார். பதினைந்து வயது செபமாலை மறுவாரமே தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு இறங்கினார். தம்பியை ஹட்டனில் படிக்க வைத்தார். அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதட்டியதும் குறைவுதான். ஒரு பார்வை பார்ப்பார், போதும். இன்றைக்கும் கஸ்பர் கடையைக் கொஞ்சம் முந்திப் பூட்டினால் அந்தப் பார்வை முதுகில் விழும்.

நாவல் வந்த காலத்திலும் செபமாலை நத்தார் பண்டிகைக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். இரண்டு வருடமாக அது நின்றுவிட்டது. போன் எடுத்தால் “சுகமா, சரி வக்கிறேன்” என்பதோடு முடித்துவிடுவார். யாரோ நாவலை அப்போதுதான் அவருக்குப் படித்துக்காட்டியிருக்க வேண்டும், அதுதான் கோபம் என்று கஸ்பர் தானாகவே முடிவு செய்து வைத்திருந்தார்.

அன்று சாயந்தரம் ஜொய்சியிடம் கேட்டார். “அண்ணனுக்கு என்னா சாப்பாடு புடிக்கும்?”

“எனக்கெங்க தெரியும்? நீங்கதானே கூடப் பொறந்தவரு.”

அவர் யோசித்தார். அண்ணனுக்கு எது பிடிக்காது என்று கேட்டிருந்தால் மளமளவென்று சொல்லியிருப்பார். தலைமயிர் நீளமாக வளர்ப்பது, வாசலில் உட்கார்ந்து அரட்டை அடிப்பது, கோயிலுக்குப் பிந்திப் போவது. பிடித்தது என்று ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தனக்கு அறுபது வயதாகிறது. தன்னை வளர்த்த மனிதனைப் பற்றி இது தெரியவில்லை. அதை நினைக்க நினைக்க அவருக்கு என்னவோ போலிருந்தது.

“திங்கக்கிழமை கடைய நீ பாத்துக்கிறியா? நான் அக்கரப்பத்தனைக்குப் போய் அண்ணனப் பாத்துட்டு வர்றேன்.”

“போன் பண்ணிட்டுப் போங்க.”

“பண்ணினா வேணாம்பாரு.”

தலவாக்கலையில் பஸ் மாறி, லிந்துலை தாண்டி, வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டே போன பஸ்ஸில் கஸ்பர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தார். எதற்கு மன்னிப்பு என்று தெளிவாகவில்லை. நாவலில் சூசை நல்லவர்தான். கடைசியில் ராயப்பன் அவர் காலில் விழுந்து அழவும் செய்கிறான். கஸ்பருக்கு வேறொன்றுதான் வேண்டியிருந்தது. அண்ணனை ஒரு தடவை சரியாகப் பார்க்க வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவால் போகும் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறினார். அண்ணனுடைய காம்பரா லயத்தின் கடைசியில் இருந்தது. பக்கத்தில் சின்னத் துண்டு நிலம். அதில் அவர் லீக்ஸும் கரட்டும் முட்டைக்கோவாவும் போட்டிருந்தார். கஸ்பர் வேலிக்கு இந்தப் பக்கம் வரும்போதே ஒரு ஆணின் குரல் கேட்டது. யாரோ மூக்கால் பேசி, பழைய காலத்துத் துரை ஒருவரைப் போல அரைகுறைத் தமிழில் அதிகாரம் பண்ணினார்கள். ஒரு பொம்பிளை விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அந்த ஆணும் சிரித்தார். வெடித்துச் சிதறுகிற சிரிப்பு.

வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று கஸ்பர் நின்றார். எட்டிப் பார்த்தார். பாத்தியோரத்தில் குந்தியிருந்தது செபமாலைதான். தலையில் ஒரு கோவா இலையைத் தொப்பி மாதிரிக் கவிழ்த்திருந்தார். எதிரே, பொட்டு வைத்த, ஒல்லியான ஒரு அம்மா லீக்ஸின் வேரை அறுத்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கஸ்பர் காலடியில் கல் உருண்டது. செபமாலை திரும்பினார்.

அண்ணனுடைய முகம் மூடிக்கொண்டதை கஸ்பர் கண்ணால் பார்த்தார். சிரிப்பு போய், கன்னம் இறுகி, புருவம் இறங்கி, நாவலில் பக்கத்துக்குப் பக்கம் எழுதிய அந்த முகம் வந்து உட்கார்ந்தது. செபமாலை இலையைத் தட்டிவிட்டு எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டார்.

“என்னா கஸ்பரு? வீட்டுல எல்லாரும் சுகமா? ஜொய்சிக்கு ஏதுமா?”

“எல்லாரும் சுகம்ணே. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு.”

“சும்மா வரமாட்டியே நீ.”

அந்த அம்மா லீக்ஸைக் கூடையில் போட்டுவிட்டு, “வாங்க தம்பி, தேத்தண்ணி ஊத்துறேன்” என்று உள்ளே போனாள். தன் வீட்டுக்குள் போகிற மாதிரிப் போனாள். கஸ்பர் அதைக் கவனித்தார். அவர் கவனித்ததைச் செபமாலையும் கவனித்தார்.

செபமாலை அவள் போன வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

“யார்ரா சொன்னது?” என்றார் செபமாலை.

“என்னது?”

“நடிக்காத. வீரம்மா விஷயம்.”

“சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே.”

செபமாலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பிடிபட்ட பையன் மாதிரி இருந்தது அவர் உட்கார்ந்த விதம்.

“தோட்டத்துல கீழ் டிவிஷன்காரி. புருஷன் போய்க் கனகாலம். மகளையும் கட்டிக் குடுத்துட்டா. எனக்குப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நிமோனியா வந்துச்சே, அப்ப கஞ்சி கொண்டாந்து குடுத்தா. அப்படியே... இருந்துட்டா.” கையிலிருந்த மண்ணை உதிர்த்தார். “ஒனக்குச் சொல்லணும்னு எத்தன தடவ போனக் கையில எடுத்தேன். எடுத்த ஒடனே நீ பேசுறது கேக்கும். ‘இந்த வயசுல இது என்னாண்ணே’ன்னு. வச்சிருவேன்.”

“நான் எப்பண்ணே அப்படிச் சொன்னேன்?”

“நீ வாயத் தொறந்து சொல்லணுமா? படிச்சவன். கோயில்ல வாசகம் வாசிக்கிறவன். ஒரு பார்வ பாப்பியே, அது போதாதா?”

அண்ணன் சொன்னது பொய்யில்லை. வீரம்மா தன் வீடு போல உள்ளே போன அந்தக் கணத்தில், ‘இந்த வயசுல’ என்று தொடங்கும் வாக்கியம் கஸ்பரின் தொண்டை வரைக்கும் வந்திருந்தது. கோயிலில் என்ன பேசுவார்கள், பாதர் கேட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் அதன் பின்னால் வரிசையாக நின்றது. அண்ணன் முப்பது மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே அதைச் சொல்லுக்குச் சொல் கேட்டிருக்கிறார்.

வீரம்மா தேத்தண்ணியும் சூடான ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு மறைத்துப் பேசத் தெரியவில்லை.

“ஒங்களுக்குப் பயந்துதான் தம்பி இவரு ஹட்டன் பக்கமே போறதில்ல. ஒரு செருப்பு வாங்கணும்னாக்கூட நுவரெலியாவுக்குக் கூட்டிட்டுப் போறாரு. அங்கயும் யாராச்சும் பாப்பாங்கன்னு நான் பத்தடி பின்னால நடக்கணும்.”

“ஏய், சும்மா இரு” என்றார் செபமாலை.

கஸ்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தேத்தண்ணி தளும்பிக் கையில் கொட்டியது. “அண்ணே, நீங்க என் புத்தகத்தப் படிச்சிட்டுக் கோவமா இருக்கீங்கன்னு நான் நெனச்சிக்கிட்டிருக்கேன்.”

“புத்தகமா? அது வந்த வருஷமே படிச்சிட்டேனே.”

“கோவம் வரலியா?”

“கோவம் என்னாத்துக்கு?” செபமாலை ரொட்டியைப் பிய்த்தார். “ஒண்ணுதான் மனசுல கெடந்துச்சு. அம்புட்டுப் பெரிய புத்தகத்துல நான் ஒரு தடவகூடச் சிரிக்கலியேடா. காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக் களத்துல என் பகிடியக் கேக்கிறதுக்குன்னே ஆளுங்க வெள்ளன வருவாங்க. அம்மாவக் கேட்டிருந்தாச் சொல்லியிருக்கும்.”

“என் முன்னாடி நீங்க சிரிச்சதே இல்லண்ணே.”

அதைக் கேட்டு செபமாலை ரொட்டியைக் கையில் வைத்தபடியே யோசித்தார். மேலே தேயிலையில் இருந்து பனி இறங்கி வேலியைத் தொட்டது.

“அப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்தன்னிக்குப் பெரியப்பா என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. ‘இனி நீதான்டா தகப்பன். தம்பி முன்னாடி பல்ல இளிச்சிடாத, பயம் விட்டுப் போயிரும்’னாரு. பதினஞ்சு வயசு. எனக்கு என்னா தெரியும்? அதப் புடிச்சிக்கிட்டேன். நீ வீட்டுக்குள்ள வந்தா வாய மூடிக்குவேன். அப்புறம் நீ பெரியவனாயிட்ட. கல்யாணம் பண்ணிட்ட. விடுறதுக்கு எனக்குத்தான் தெரியல.”

வீரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பக்கத்துப் பாத்திக்குப் போய்விட்டாள்.

கஸ்பர் அண்ணன் பக்கத்தில் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்படிச் சமமாகப் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“ஒங்களுக்கு என்னாண்ணே வேணும்?”

“என்னா வேணும்னா?”

“ஒங்களுக்கு. என்னா ஆச?”

செபமாலை தம்பியை வினோதமாகப் பார்த்தார். அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டு வெகுநாள் ஆகியிருக்க வேண்டும். பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, வேலியைப் பார்த்துச் சொன்னார்.

“கல்யாணத்தப் பதியணும். இவள முன்னால நடக்க விடணும். அவ மகளுக்குச் சம்மதந்தான். எம் மகன்கிட்டத்தான் என்னால பேச முடியாது. நீ பேசுவியா?”

மகன் மிலான் கொழும்பில் வேலை செய்தான். தாய் பிலோமினா இறந்தபோது அவனுக்குப் பதினெட்டு வயது. கஸ்பர் போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் வாசலோரக் கொய்யா மரத்தடிக்குப் போனார். செபமாலை கூட வரவில்லை. பாத்தியில் இல்லாத களையைப் பிடுங்கத் தொடங்கினார்.

கஸ்பர் சுற்றி வளைக்காமல் சொன்னார். வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தார்.

“சித்தப்பா” என்றான் மிலான் கடைசியில். “அம்மா படம் சொவத்துல இருக்கா?”

கஸ்பர் இரண்டடி எடுத்து வைத்து வாசலில் நின்று பார்த்தார். உள்ளே மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு முருகன் படம் புதிதாக வந்திருந்தது. அதற்கு மேலே, வழக்கமான இடத்தில், பிலோமினா அண்ணி இருந்தார். கண்ணாடி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் ஒரு ரோசாப் பூ செருகியிருந்தது. வாடாத பூ.

“இருக்குப்பா. பூ வச்சிருக்கு.”

“யாரு வச்சது?”

கஸ்பர் திரும்பி, “மதினி, அண்ணி படத்துக்கு யாரு பூ வக்கிறது?” என்று கேட்டார். அண்ணன் மனைவியைக் கூப்பிடும் மதினி என்ற வார்த்தை யோசிக்காமலே வந்துவிட்டது. கேட்ட பிறகுதான் மூன்று பேருக்கும் அது உறைத்தது.

“நான்தான் தம்பி. இவரு எங்க வப்பாரு?” என்றாள் வீரம்மா, தலையைக் குனிந்தபடி.

மிலானுக்கு அது கேட்டிருந்தது. “எனக்கு ஒரேயடியா சந்தோசம்னு சொல்ல முடியாது சித்தப்பா” என்றான். “ஆனா தனியா கெடக்கிறாரேன்னு ராத்திரியில நெனப்பேன். சரி. தேதியச் சொல்லுங்க, லீவு போடணும்.”

கஸ்பர் பிந்திய பஸ்ஸில்தான் ஹட்டனுக்குத் திரும்பினார். நடந்ததைக் கேட்ட ஜொய்சி, “பாவம் அந்த அம்மா, பத்தடி பின்னாலயா நடந்துச்சு!” என்று முதலில் அதற்குத்தான் கோபப்பட்டாள். அந்த வாரமே வீரம்மாவுக்கு ஒரு சேலை எடுத்தாள்.

சில நாட்கள் கழித்து ஷாமிலா கட்டுரையைப் பிரதியெடுக்க வந்தாள். ஒரு சஞ்சிகைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னாள். தாள்களை நீட்டும்போது தயங்கினாள்.

“சேர், அன்னிக்கு நீங்க ஒண்ணுமே சொல்லல. சூசையப் பத்தி நான் எழுதினது ஒங்களுக்குப் புடிக்கலியோன்னு...”

“சரியாத்தாம்மா எழுதியிருக்கீங்க. ஒரு எழுத்தையும் மாத்த வேணாம்.”

“உண்மையில ஒங்க அண்ணன் அப்படித்தானா சேர்?”

கஸ்பர் தாளை இயந்திரத்தில் வைத்து மூடினார். “இல்ல. எனக்குத்தான் அவரு அப்படித் தெரிஞ்சாரு. அவருக்கு நான் எப்படித் தெரிஞ்சேன்னு இப்பத்தான் கேட்டுட்டு வந்தேன்.” அதற்கு மேல் விளக்கினால் அது இன்னொரு கட்டுரையாகிவிடும் என்று நினைத்து, “அடுத்த மாசம் அவருக்குக் கல்யாணம்” என்று மட்டும் சொன்னார். ஷாமிலா திறந்த வாயை மூடச் சற்று நேரம் ஆனது.

பதிவு தலவாக்கலையில் நடந்தது. கஸ்பரும் வீரம்மாவின் மகளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மிலான் முந்தின நாளே வந்திருந்தான். வீரம்மாவை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவன் “சாப்பிட்டீங்களா?” என்பதையே பல தடவை கேட்டான். அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டது போலவே பதில் சொன்னாள். வீரம்மா வேறு மதம் என்பதால் கோயிலில் ஆசீர்வாதம் வாங்கும் விஷயத்தைப் பாதரோடு பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அதில் கஸ்பருக்கு இன்னும் கொஞ்சம் சங்கடம் இருந்தது. அதை அவர் தன்னோடேயே வைத்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாடு ஹட்டனில், கஸ்பர் வீட்டில். சாப்பிட்டு முடிந்ததும் பொம்பிளைகள் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். மிலான் வெற்றிலை வாங்கக் கடைவீதிக்குப் போனான். கஸ்பர் பாத்திரங்களை உள்ளே கொடுத்துவிட்டு முன்னறைக்கு வந்தபோது, செபமாலை சாய்வு நாற்காலியில் தூங்கிப் போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. புதுச் சட்டையின் கழுத்துப் பொத்தான் கழன்றிருந்தது.

அண்ணன் தூங்கி கஸ்பர் பார்த்ததில்லை. சின்ன வயதில் அவர் கண் விழிக்கும் முன்பே அண்ணன் வேலைக்குப் போயிருப்பார். தம்பி தூங்கிய பிறகுதான் படுப்பார். பக்கத்தில் நின்று நிதானமாக அந்த முகத்தைப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. அது எப்படி வந்தது என்று எழுந்ததும் கேட்க வேண்டும். ஜன்னல் வழியாகக் குளிர் காற்று வந்தது. கஸ்பர் ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.